கேனர் படகுத்துறையில் பதினேழு பேர்

அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், நெடுஞ்சாலை ஓரம் கார்கள் ஒதுங்கி நிற்பதற்காக விட்டிருக்கும் சரளைத் திடலில் என் வண்டியை நிறுத்தினேன். எனக்கு முன்பே இருபது பேர் வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், ஜாம் கேக், பிளாஸ்கில் காப்பி. நடுவே ஒரு கம்பத்தின் உச்சியில், கறுப்புத் துணி போர்த்திய தகடு. தூரத்திலிருந்து பார்த்தபோது யாரையோ முகம் மூடித் தூக்கில் போட நிறுத்தியிருப்பது போல் இருந்தது.

எங்கள் டன்மோர் கவுண்டியில் ஜனத்தொகை குறைவு, வரலாறு அதிகம். கென்டக்கி மாநிலத்தின் இந்த மூலையில் மூன்று மைலுக்கு ஒரு வரலாற்றுப் பலகை நிற்கும். ஒரு தளபதி குதிரைக்குத் தண்ணீர் காட்டிய இடம். முதல் தபால் நிலையம் எரிந்த இடம். அதே தபால் நிலையம் இரண்டாம் முறை எரிந்த இடம். கரும்பச்சைத் தகட்டில் பொன்னிற எழுத்துகள். தலைகீழாக நின்றாலும் பன்னிரண்டு வரிக்கு மேல் கொள்ளாது.

அந்தப் பன்னிரண்டு வரிகளை எழுதித் தருவது என் வேலை. உள்ளூர் வாரப் பத்திரிகையில் முப்பது வருடமாக ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டலடித்துப் பிழைத்து வருகிறவன் நான். என் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல் வரலாற்றுக் கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கேக் நன்றாக இருக்கும் என்பதால் நானும் சேர்ந்தேன்.

கழகத்தின் தலைவர் கர்னல் லூதர் க்ரென்ஷா. எங்கள் மாநிலத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கிடைத்துவிட்டால் கர்னல். துப்பாக்கியைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. க்ரென்ஷா ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் நடத்திய போர்கள் எல்லாம் கடைவாய்ப் பற்களோடுதான். எந்தக் கூட்டத்திலும் யாராவது மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், அந்த இடைவெளிக்குள் புகுந்து, தன் பெயரையும் பட்டத்தையும் சொல்லி ஒரு சொற்பொழிவைத் தொடங்கிவிடுவார்.

அன்றும் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு துணியை இழுத்தார்.

1884ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்விடத்தில் கயிற்றுப் படகு கவிழ்ந்து ஆடவர், பெண்டிர், குழந்தைகள் எனப் பதினேழு பேர் உயிர் நீத்தனர் என்றது தகடு. எல்லோரும் கை தட்டினார்கள். பதினேழு பேர் செத்ததற்குக் கை தட்டுவது எங்கள் ஊரில் வழக்கம்தான்.

அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய்கள் இருந்தன. இரண்டையும் எழுதியவன் நான்.

முதல் பொய், 'இவ்விடத்தில்'. படகுத்துறை அங்கிருந்து அரை மைல் கீழே, கேனர் ஆற்றங்கரைப் புதருக்குள் இருக்கிறது. அங்கே கார் நிறுத்த வசதியில்லை. எங்கள் ஊரில் வரலாறு நடந்தது எங்கேயாக இருந்தாலும், பலகை நிற்பது கார் நிற்கும் இடத்தில்தான்.

இரண்டாவது பொய் அந்த எண்.

கவுண்டி ஆபீசில் பழைய பதிவேடுகளுக்குக் காவல் இருப்பவள் ஐடா மே. தகடு வார்க்கும் பட்டறைக்கு வாசகம் அனுப்ப வேண்டிய அன்று காலை என்னைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் காகிதத்தைக் காட்டினாள். விபத்து நடந்த வாரம் எழுதிய பிரேத விசாரணைப் பட்டியல்.

"எல்டன் கண்ணு, செத்தது பதினாறு பேர்தான்."

"கர்னலோட தாத்தா எழுதின வரலாற்றுப் புத்தகத்துல பதினேழுன்னு இருக்கே?"

"பட்டியல்ல பதினேழு வரி இருக்கு. கடைசி வரியைப் படி."

படித்தேன். பழுப்பு நிறக் கோவேறு கழுதை ஒன்று, மில்காரருடையது.

"அந்த மகானுபாவர் வரியை எண்ணியிருக்காரு, படிக்கல," என்றாள் ஐடா மே.

முப்பது வருடமாக நான் காத்திருந்த வாய்ப்பு அது. அன்று மதியம் கழகக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். கர்னலின் காது மடல் சிவந்தது. "எங்க தாத்தா கழுதையை மனுஷன்னு எண்ணினார்னு நாலு பேர் முன்னாடி சொல்லப் போறீங்களா, மிஸ்டர் எல்டன்? அவர் எழுதினது எழுதினதுதான். பதினேழு!"

மேசையில் வறுத்த கோழி ஆறிக்கொண்டிருந்தது. தபால் நேரம் முடியப் போகிறது. நான் சிரித்தேன்.

"போகட்டும் கர்னல். ஒரு பொணம் கூடக் குறைய இருந்தா என்ன? யார் எண்ணப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐடா மே சிரிக்கவில்லை.

*

பலகை நட்டு ஒரு வாரம் கழித்து வெர்னன் என் வீட்டுக்கு வந்தான். வெர்னன் என் மனைவியின் தம்பி. கவுண்டி சாலைத் துறையில் வேலை. பலகைக்குக் குழி தோண்டிக் கம்பம் நட்டவன் அவன்தான். அந்த மாதம் முழுக்க அந்தச் சாலையோர வாய்க்காலைத் தூர் வாரும் வேலையும் அவனுக்கே விழுந்திருந்தது. நான்கு வயதில் இரட்டைப் பெண் குழந்தைகள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள்.

அன்று சிரிப்பு உதட்டோடு நின்றது.

"மச்சான், உங்க பலகையைப் படிக்க ஆளுங்க வராங்க."

"நல்லதுதானே மாப்ள. என் எழுத்தைப் படிக்க வேற யார் வராங்க?"

"காலையில ஏழரைக்கு வராங்க. மூடுபனி இருக்கற அன்னிக்கு மட்டும்." கையிலிருந்த காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தான். "ஈரமா வராங்க."

மறுநாள் காலை அவனோடு போனேன். அவனைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதலாம் என்ற எண்ணமும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஆற்றிலிருந்து பனி எழும்பிச் சாலையை மூடியிருந்தது. வண்டியின் விளக்கு பத்தடி தூரத்தில் பஞ்சுக்குள் குத்திய ஊசி போல நின்றுவிட்டது. வெர்னன் இயந்திரத்தை அணைத்தான். ஜன்னலை இறக்கினான்.

முதலில் வந்தது வாசனைதான். ஆற்றுச் சேறு. நனைந்த கம்பளித் துணி. அதற்கடியில், நெடுநாள் பூட்டி வைத்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த இனிப்பான புழுங்கல் நாற்றம்.

பிறகு சத்தம். சரளைக் கல் மீது காலடிகள். அவசரமில்லாத, களைத்த காலடிகள். அரை மைல் ஏறி வந்தவர்கள் நடக்கும் நடை. கார் நிறுத்தத் தோதான இடத்தில் நாங்கள் பலகையை நட்டுவிட்டதால் பாவம், செத்தவர்கள் நடந்து வர வேண்டியிருந்தது.

ஆட்கள் யாரும் எனக்குத் தெரியவில்லை. சரளையில் ஈரத் தடங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தன. பூட்ஸ் தடம். வெறுங்கால் தடம். என் உள்ளங்கை அளவே இருந்த ஒரு குழந்தைத் தடம். எல்லாம் பலகையின் முன்னால் வந்து வரிசையாக நின்றன. எட்டு. பின்னால் இன்னோர் எட்டு.

கடைசித் தடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி கால் வைக்கும் அளவுக்குச் சரளை காய்ந்து கிடந்தது.

பெயர் கூப்பிடும் குரல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருந்தது. ஒரு பெயர். நிறுத்தம். இன்னொரு பெயர். நான் விரல் விட்டு எண்ணினேன். பதினாறு.

அதன் பிறகு மௌனம்.

சும்மா இருக்கிற மௌனம் இல்லை அது. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பையன்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்த மௌனம்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

வெர்னன் இறங்கி நடந்துகொண்டிருந்தான்.

பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். அந்தக் காய்ந்த இடத்துக்கு இரண்டடி முன்னால் நின்றான். பேசத் திறந்த வாய் அப்படியே இருந்தது.

"என்னடா பண்ற?"

"கூப்பிட்டாங்களே மச்சான்," என்றான். "பதில் சொல்லாம இருந்தா மரியாதையா?"

தரையைப் பார்த்தேன். அவன் பூட்ஸ் அளவு அந்த இடத்துக்குச் சரியாக இருந்தது.

*

அன்று பிற்பகலே ஐடா மேயைக் கூட்டிக்கொண்டு கர்னல் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறையில் தாத்தா எண்ணெய் ஓவியமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே பேரன் அதே தாடையோடு உட்கார்ந்திருந்தார்.

"பலகையை எடுத்துடணும் கர்னல். எண் தப்பு. பதினாறுன்னு மாத்தி வார்க்கச் சொல்லணும்."

"மாநிலத் தலைநகர்லேருந்து கடிதம் வரணும். குறைஞ்சது பதினாலு மாசம். என்ன அவசரம்?"

சொன்னேன். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

கர்னல் பொறுமையாகக் கேட்டார். "ஆக, செத்தவங்க வந்து வரிசையா நிக்கறாங்க. எத்தனை பேரு?"

"பதினாறு."

"பாத்தீங்களா? அங்கயும் தப்பா எண்ணியிருக்கீங்க."

ஐடா மே நாற்காலியிலிருந்து எழுந்தாள். "லூதர், உன்னை மூணாங்கிளாஸ்லேருந்து எனக்குத் தெரியும். அப்பவும் வாய்ப்பாட்டுல தப்பு விட்டுட்டு, புஸ்தகம் தப்புன்னு அழுவ. அந்தத் தகட்டுல ஆம்பள பொம்பள குழந்தைன்னு எழுதியிருக்கு. கழுதையைச் சேர்த்துக்க மாட்டாங்க. ஆள் வேணும் அவங்களுக்கு. வெர்னனுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு."

"சாலைத் துறை ஊழியர் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் உளறியதற்காக, வரலாற்றை மாற்ற முடியாது," என்றார் கர்னல். கோபம் வந்தால் அவருக்கு மேடைத் தமிழ் மாதிரி ஒரு பாஷை வந்துவிடும்.

வேறு வழியில்லை. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நானும் வெர்னனுமாகத் தகட்டைக் கழற்றி, சாலைத் துறைக் கிடங்கில் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். ஐம்பத்து நான்கு வயதில் நான் செய்த முதல் திருட்டு. திருடியது என் சொந்த எழுத்தை.

மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் கர்னல் அந்த வழியே போயிருக்கிறார். வெறும் கம்பத்தைப் பார்த்திருக்கிறார். அன்று பகல் சாலைத் துறைத் தலைவருக்கு டெலிபோன் பறந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குள் தகடு அதன் இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெர்னன் வேலையில் இருக்க மாட்டான். கர்னல் தாமே நேரில் வந்து மேற்பார்வை செய்வார்.

வெர்னன் எனக்குத் தகவல் சொன்னபோது அவன் குரலில் சலிப்புதான் இருந்தது. "வேலை போனா ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் போயிடும் மச்சான். சின்னவளுக்கு ஆஸ்துமா. மாட்டிட்டு ஓடி வந்துடறேன்."

"காதுல எதையாவது மாட்டிக்க. புல்வெட்டும்போது போடுவியே, அந்தக் காது மூடி. என்ன ஆனாலும் கழட்டாதே. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே."

நான் போய்ச் சேர ஏழு நாற்பது ஆகிவிட்டது. பனி என் வண்டியின் மூக்கைக்கூட மறைத்தது.

தகடு ஏற்கெனவே கம்பத்தில் ஏறியிருந்தது. ஏணியின் அடியில் வெர்னன் காதை மூடிக்கொண்டு, கண்ணையும் இறுக மூடி, ஸ்பேனரை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தான். தகட்டுக்கு எதிரே தொப்பியும் கைத்தடியுமாகக் கர்னல் நின்று, தன் தாத்தாவின் எண்ணைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைச் சுற்றிச் சரளை நனைந்துகொண்டிருந்தது.

"கர்னல்!" என்றேன். "இந்தப் பக்கம் வந்துடுங்க!"

"உஷ்," என்றார் திரும்பாமல். "யாரோ வாசிக்கறாங்க."

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அவர் தலையை ஆட்டி ரசித்தார். ஏதோ நினைவுக் கூட்டம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தாத்தாவைக் கௌரவிக்க யாரோ ஏற்பாடு செய்த கூட்டம்.

பதினான்கு. பதினைந்து. நான் வெர்னனைப் பிடித்துக்கொண்டேன்.

பதினாறு.

மௌனம்.

கர்னல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

வேண்டாம் என்று கத்தினேன். கத்தியதாகத்தான் நினைவு. அறுபது வருடப் பழக்கத்தை ஒரு கத்தல் நிறுத்திவிடுமா? ஒரு கூட்டம் மௌனமாக இருக்கிறது. எல்லோரும் ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த மனிதரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"கர்னல் லூதர் க்ரென்ஷா," என்றார், கணீரென்று.

பனிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். நிறையப் பேர், ஒரே சமயத்தில். நெடுநேரம் நின்றவர்கள் கடைசியில் கிளம்பும்போது விடும் மூச்சு.

தடங்கள் திரும்பின. ஆற்றுப் பக்கம் இறங்கின. பதினேழாவது ஜோடியாக, பளபளவென்று மெருகு போட்ட பூட்ஸ் தடம் போயிற்று. கைத்தடி ஊன்றிய புள்ளிகளும் பக்கத்தில் கொஞ்ச தூரம் போய், பிறகு நின்றுவிட்டன. அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவர்களிடம் ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டே போனார். அவர் குரல் புதருக்குள் கரையும் வரை வெர்னனைப் பிடித்த பிடியை நான் விடவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பழைய படகுத்துறையில் கண்டெடுத்தார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் மண்டியிட்டு இருந்தார். மாரடைப்பு என்று எழுதினார் பிரேத விசாரணை அதிகாரி. வாய் நிறைய ஆற்று மணல் இருந்ததைப் பற்றி எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

அடக்கத்துக்குப் பெரிய கூட்டம். ஐடா மே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பலகை இப்ப சரியாயிடுச்சு கண்ணு," என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. முப்பது வருடம் அந்த மனிதரின் காற்றைப் பிடுங்கிவிட ஊசியோடு அலைந்தவன் நான். அன்று சவப்பெட்டி இறங்கும்போது எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

குளிர்காலம் முழுக்கச் சரளைத் திடல் காய்ந்தே கிடந்தது. பனி பொழிந்தது, உருகியது. ஒரு தடம்கூட விழவில்லை. வெர்னன் மறுபடி பழையபடி சிரிக்க ஆரம்பித்தான். கிறிஸ்துமஸ் அன்று இரட்டையர் இருவரையும் இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு என் வீட்டுக்குள் வந்தான். கதவு நிலையில் தலை இடித்தது.

ஏப்ரல் இரண்டாவது வாரம். நல்ல வெயில், காலை பதினொரு மணி. கவுண்டியில் முதல் புல்வெட்டு தொடங்கியிருந்தது. அன்று வெர்னனுக்கு வார்டன் மேட்டில் வேலை. நான் கழக அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது.

"மச்சான்." கைபேசியில் வெர்னன் மெதுவாகப் பேசினான். "வார்டன் மேட்டுப் பலகையில எத்தனை பேர்னு போட்டிருக்கு?"

"நீ அங்கதானே இருக்க? படிச்சுப் பாரேன்."

"படிக்க முடியல. மறைச்சுக்கிட்டு நிக்கறாங்க."

கோப்பை இழுத்தேன். வார்டன் மேடு, காலரா முகாம், 1849. வாசகம் என்னுடையதுதான். ஆறு வருடம் முன்பு எழுதியது. சரியான கணக்கு கிடைக்காததால், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஒன்று போட்டிருந்தேன்.

"சுமார் நாற்பது பேர்," என்று படித்தேன்.

மறுமுனையில் அவன் முணுமுணுப்பாக எண்ணுவது கேட்டது.

"முப்பத்திரண்டு பேர் இருக்காங்க மச்சான். ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"வெர்னன், வாயைத் திறந்து உன் பேரைச் சொல்லிடாதே. வண்டியில ஏறு. இப்பவே ஏறுடா!"

"வண்டி அவங்களுக்கு அந்தப் பக்கம் நிக்குது."

அவனுக்குப் பின்னால் எங்கோ, பெயர் வாசிக்கும் ஒரு குரல் முடிந்து ஓய்ந்தது.

மௌனம்.

"மச்சான்," என்றான், உதட்டை மட்டும் அசைத்துப் பேசுகிறவனைப் போல. "சுமார்னா, இவங்களுக்கு இன்னும் எத்தனை பேர் வேணும்?"